கேட்டைத் தொட்டு உள்ளே வருகிறவர்கள்

கோமதி அக்கா வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட். எங்கள் விருதுநகர் வெயிலில் அதன் மேல் கம்பி காலையிலேயே சுட ஆரம்பித்துவிடும். அந்தக் கம்பியில் ஒரு கை பதிந்ததைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டும். போன வாரமே எழுத உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக என் மகள் இனியாவுக்குப் பால் பல் விழுந்த கதையை எழுதி அனுப்பினேன்.

பள்ளி வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. அம்மாக்கள் நாங்கள் கோமதி அக்கா வீட்டுப் போர்ட்டிகோவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தெருமுனையிலிருந்து மஞ்சள் பையும் கையுமாக ஒரு பெண்மணி நடந்து வந்தார். வயசு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பருத்திச் சேலை. கேட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். வலது உள்ளங்கையை மேல் கம்பியில் முழுதாகப் பதித்தார். மூச்சு ஒன்று விடுகிற நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தார்.

பக்கத்தில் இருந்த சுதா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏ கவிதா, இன்னொரு பூசாரி வந்தாச்சு" என்றாள் என் காதோரம்.

வந்தது என் அம்மா.

நைட்டிக்கு மேல் ஒரு துண்டு

எங்கள் கூட்டத்தை யாரும் கூட்டவில்லை. ஒரே வேனுக்குக் காத்திருந்தோம், அவ்வளவுதான். இனியாவைப் பள்ளியில் சேர்த்த முதல் நாள் சேலை கட்டி, பின் குத்தி, தலை சீவிப் போய் நின்றேன். மற்றவர்கள் எல்லாரும் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். "எங்கயும் விசேசத்துக்குப் போறீகளா?" என்று சுதா கேட்டாள். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே நானும் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். இப்போது நினைத்தால் அதுதான் ஆரம்பம் என்று தோன்றுகிறது.

பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. சனிக்கிழமை எண்ணெய்ப் பரோட்டா வாங்கிப் பங்கிட்டுச் சாப்பிடுவது. வாட்ஸ்அப்பில் 'வேன் அம்மாஸ்' என்று ஒரு குரூப். வகுப்பு மிஸ்ஸுக்கு எல்லாரும் ஒரே பட்டப்பெயர் வைத்துப் பேசுவது. டீ குடித்து முடித்ததும் யாரும் முதலில் எழுந்திருக்க மாட்டோம். முதலில் எழுந்து போகிறவளைப் பற்றித்தான் மிச்சப் பேச்சு நடக்கும். இது எல்லாருக்கும் தெரியும். அதனால் கோமதி அக்கா "சரி, சோறு வைக்கணும்" என்று சொல்லும்வரை உட்கார்ந்திருப்போம்.

கோமதி அக்காவைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. மல்லாங்கிணற்றில் காடு கரை உள்ள குடும்பம். கை தாராளம், மனசும் தாராளம். இனியாவுக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்த அன்று என் கணவர் வெளியூரில் இருந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. போன் பண்ணியதும் கோமதி அக்கா தலையைக்கூட அள்ளி முடியாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "புள்ளைய மடியில போட்டுக் கெட்டியாப் புடிச்சுக்க, நா பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம். இந்தக் கூட்டம் இல்லாவிட்டால் நானும் என் பிள்ளையும் தனி. வலிப்பு மறுபடி வந்தால் யாரைக் கூப்பிடுவேன்?

நான் செய்ததற்கு இதைச் சாக்காகச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஆரம்பத்தில் ஒரு நாள் கோமதி அக்கா கேட்டார். "ஒனக்கு எந்த ஊரு கவிதா?"

"வெம்பக்கோட்டைப் பக்கம்க்கா."

"அங்கன காடு கரை இருக்கா?"

"இருக்குக்கா."

இருக்கிறதுதான். எங்களுடையது இல்லை. எங்கள் தாத்தா அதில் கூலிக்கு வேலை பார்த்தவர். அதற்கப்புறம் வீட்டில் எல்லாரும் பட்டாசு வேலைக்குப் போனார்கள். நானும் என் கணவரும்தான் படித்து, ஆளுக்கொரு சர்ட்டிபிகேட்டோடு இந்தத் தெருவுக்கு வந்தவர்கள்.

பூசாரி

முத்துமாரி இந்த வருஷம்தான் வந்தாள். நாரணாபுரத்தில் பட்டாசு வேலை பார்த்தவள். இங்கே பருப்பு மில்லில் வேலை கிடைத்து, தெருக்கோடியில் குடி வந்தாள். மகள் தர்ஷினிக்கு இலவச ஒதுக்கீட்டில் எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலேயே இடம் கிடைத்திருந்தது. இனியாவுக்கு அதே வகுப்பு.

முதல் நாள் கோமதி அக்கா "உள்ள வாம்மா, ஏன் வெயில்ல நிக்கே" என்று கூப்பிட்டார். முத்துமாரி செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டின் கம்பியில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, உள்ளே வந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"கோயில் நடைன்னு நெனச்சுட்டா போல" என்றாள் சுதா. அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. பூசாரி. முத்துமாரி கேட்டைத் தொடும்போது சுதா வாயாலேயே மணி அடிப்பாள். "டிங், டிங், டிங்."

முத்துமாரியும் சிரிப்பாள். "பாத்துக்கா, நெசமாவே சாமி வந்துறப் போகுது. அப்புறம் ஒங்க நைட்டியோட ஆடணும்" என்று ஒரு நாள் திருப்பிக் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் பெயர் போகவில்லை. குரூப்பில் சுதா ஒரு கேட்டுப் படத்துக்குப் பக்கத்தில் கும்பிடுகிற கையை ஒட்டிப் போட்டாள். அந்தக் குரூப்பில் முத்துமாரியை யாரும் சேர்த்திருக்கவில்லை. நானும் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டேன். உடனே போடவில்லை. இரண்டு பேர் போட்ட பிறகு போட்டேன். முந்திக்கொண்டால் நான் மோசமானவள். பிந்தினால் ஏன் பிந்தினாள் என்று கேள்வி வரும்.

டீயிலும் ஒரு வித்தியாசம் இருந்தது. எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ். முத்துமாரிக்குப் பேப்பர் கப். ஏதோ பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியது. "அவ அவசரமா மில்லுக்குப் போறவ, கழுவுற வேல மிச்சம்" என்று கோமதி அக்கா சொன்னார். அவர் யோசித்து இதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. நாங்களும் யோசித்துப் பார்க்கவில்லை.

முத்துமாரி கேட்டை ஏன் தொடுகிறாள் என்று அங்கே ஒருத்திக்கு மட்டும் தெரியும். எனக்கு.

செம்புத் தகடு

தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில் என் அம்மா வேலை பார்த்தது வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறையில். அறை என்றால் சின்னது. உள்ளே நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதிலிருந்து கம்பி மண்ணுக்குள் இறங்கும். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் நிற்கிற கரண்ட் அதன் வழியே இறங்கிவிடும். இறங்காமல் போய் மருந்துக்குப் பக்கத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும். நைலான் சேலை கட்டக் கூடாது. கொண்டை ஊசி, கொலுசு எதுவும் கூடாது.

யாராவது தகட்டைத் தொட மறந்து உள்ளே போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். திட்ட மாட்டார்களாம். மற்ற மூன்று பேரும் பேசாமல் எழுந்து வெளியே வந்து நிற்பார்களாம். மறந்தவள் வெளியே வந்து தொடுகிறவரை ஒருத்தியும் உள்ளே போக மாட்டாள். "புதுசா வந்தவ ரெண்டு தடவ அப்படி நின்னா, மூணாந் தடவ மறக்க மாட்டா" என்பாள்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வேலை முடிந்து வருகிற அம்மா எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் நிலைப்படி தாண்டுவாள். நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்கும். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனால், "நில்லு, நில்லு, கை கழுவல" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வாள். போலீசைப் பார்த்த திருடன் மாதிரி நிற்பாள். நான் சுற்றிச் சுற்றி வந்து சிரிப்பேன்.

நானும் ஜன்னல் கம்பியைத் தொட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்தபோது அறைக் கதவின் தாழ்ப்பாளைத் தொடுவேன். ஒரு பெண் பார்த்துவிட்டு, "இது என்ன, ஏதும் வேண்டுதலா?" என்றாள். அந்த வருஷத்திலேயே நிறுத்திவிட்டேன். 'அம்புட்டு' போய் 'அவ்வளவு' வந்தது. இங்கே இந்தத் தெருவுக்கு வந்த பிறகு 'அம்புட்டு' திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் கோமதி அக்காவும் அப்படித்தான் பேசுவார். கை மட்டும் திரும்பி வரவில்லை. கோமதி அக்கா வீட்டுக் கேட்டை நான் முழங்கையால் தள்ளித்தான் திறப்பேன். உள்ளங்கை அதில் பட்டுவிடக் கூடாது என்று எனக்கு ஒரு கவனம்.

"ஊர்லருந்து வந்திருக்காக"

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அம்மா உள்ளே வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு. வீடு பூட்டியிருந்ததால், வேன் நிற்கிற இடத்தில் இருப்பேன் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வரப்போவதாகச் சொல்லவில்லை. பேத்திக்குச் சேவும் கம்பி மத்தாப்பும் கொண்டு வந்திருந்தாள்.

"யாரு வேணும்மா?" என்று கோமதி அக்கா கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முத்துமாரி மில்லுக்குக் கிளம்பி எழுந்து நின்றவள் அப்படியே நின்றாள். அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சவுகதான்க்கா" என்றேன். "ஊர்லருந்து வந்திருக்காக."

அம்மாவின் சிரிப்பு போகவில்லை. போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அது அப்படியே இருக்க, அவள் சொன்னாள்: "ஆமா தாயி. இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன். பாப்பாவப் பாத்துட்டுப் போவலாம்னு நெனச்சேன். பள்ளிக்கூடம் போயிருச்சாக்கும்?"

"இப்பத்தான் வேன் போச்சு."

"சரித்தா. இருக்கட்டும்."

கோமதி அக்கா உள்ளே போய் டீ கொண்டு வந்தார். பேப்பர் கப்பில். "இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல குடிச்சேன் தாயி" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். என் கையில் கண்ணாடி கிளாஸ் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் தெரியவில்லை.

முத்துமாரி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். "எந்த ரூமும்மா?" என்றாள்.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மருந்து செலுத்துற ரூமு. நீ?"

"திரி ரூமு. நாரணாபுரத்துல. விட்டுட்டு வந்துட்டேன். கைதான் விட மாட்டேங்குது."

"விட வேண்டாம்த்தா. இருந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. பல காலம் பழகியவர்களைப் போல இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எங்கள் கூட்டத்தில் சேர எனக்கு எத்தனையோ மாதம் ஆனது. அவர்களுக்கு ஒரு கேட்டுக் கம்பி போதுமாக இருந்தது.

"வாங்கம்மா, நானும் அங்கிட்டுத்தான் போறேன், சேந்து போவோம்" என்று முத்துமாரி மஞ்சள் பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

நான் உட்கார்ந்திருந்தேன். கோமதி அக்கா "சரி, சோறு வைக்கணும்" என்று சொல்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.

அவுட்

வீட்டுக்கு ஓடினேன். அம்மா பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். முத்துமாரி கொடுத்துவிட்டுப் போனதாம்.

சாவியைத் துவாரத்தில் போட எனக்கு வரவில்லை. அம்மாதான் வாங்கித் திறந்தாள்.

"அந்தப் புள்ள வழியில கேட்டுச்சு. கவிதாக்கா ஒங்க மகதான, மூஞ்சி அப்படியே இருக்கேன்னு."

"நீ என்னம்மா சொன்ன?"

"இல்லன்னுட்டேன். நீ அங்கன ஒண்ணு சொல்லிருக்க. நா மாத்திச் சொன்னா ஒனக்குச் சங்கடம்ல."

நான் அழ ஆரம்பித்தேன். அம்மா என் தலையைத் தொட வந்து, பழக்கத்தில் ஒரு முறை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வேலையை விட்டே வெகு காலம் ஆகிறது. கையில் ஒன்றுமில்லை. பிறகு தொட்டாள்.

"இதுக்குப் போயி அழுவாகளா? நாலு பேரோட இருக்கையில அவுகளுக்கு ஏத்தாப்பலதான் இருக்கணும். எங்க ரூம்ல நாங்களும் அப்படித்தான இருந்தோம்?"

திட்டியிருக்கலாம். தன் உயிரைக் காத்த வழக்கத்தை எடுத்து, நான் அவளை மறைத்ததற்குப் பொருத்திக் கொடுத்தாள். அதற்கு எனக்குத் தகுதியில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சோறு வைக்கப் போனேன்.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கிய இனியா, என்னோடு நடந்து வந்தவள், வீட்டு வாசலில் அம்மாவைப் பார்த்ததும் "அம்மாச்சி!" என்று பாய்ந்தாள். அப்போதுதான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்த அம்மா, கிரில் கம்பியில் கையை வைத்தபடி நின்றாள். இனியா பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யய்யோ அம்மாச்சி, நீ அவுட்டு!"

"அவுட்டா? சரி, அவுட்டு. இப்ப நா என்ன செய்யணும்?" அம்மா விளையாட்டுக்குத் தயாராகிவிட்டாள்.

"ஒண்ணும் செய்யக் கூடாது. கம்பியத் தொட்டவுங்ககூட யாரும் பேசக் கூடாது."

"எம்புட்டு நேரத்துக்கு?"

"பெல் அடிக்கிற வரைக்கும். தர்ஷினி டெய்லி அவுட்டு. ஸ்கூல் கேட்டத் தொட்டுத் தொட்டுத்தான் வருவா. லன்ச்சுக்குக்கூட தனியாத்தான் ஒக்காரணும்." பிறகு என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னாள். "இந்த கேம் நாந்தாம்மா கண்டுபுடிச்சேன்."

முன்பே ஒரு முறை சாப்பிடும்போது "தர்ஷினி இன்னைக்கும் அவுட்டு" என்று சொல்லியிருக்கிறாள். ஏதோ ஓட்டப் பிடி விளையாட்டு என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன். கேட்க வேண்டாம் என்றுகூட விட்டிருக்கலாம்.

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிள்ளைக்கு எங்கிருந்து காய்ச்சல் ஒட்டியது என்று தேடுகிறவளின் பார்வை அது.

மறுநாள்

இரவெல்லாம் இனியாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். விடிந்ததும் அவளிடம் செம்புத் தகட்டைப் பற்றிச் சொன்னேன். "அப்ப அம்மாச்சி கெட்டவங்க இல்லியா?" என்று கேட்டாள். கெட்டவர்கள் என்று யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

பிறகு அம்மாவையும் வேன் நிற்கிற இடத்துக்குக் கூப்பிட்டேன்.

"நா எதுக்குத்தா? நீ போயிட்டு வா. நா வீட்டக் கூட்டி வைக்கேன்."

"நீ வாம்மா."

"ஒனக்கு எதுக்கு வீண் சங்கடம்..."

"வாம்மா."

வந்தாள். இனியா என் ஒரு கையில், சேவுப் பை அம்மாவின் கையில். கோமதி அக்கா வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். முத்துமாரியும் தர்ஷினியும் ஓரமாக நின்றார்கள். நான் வழக்கம்போல முழங்கையால் கேட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா உள்ளே வரவில்லை.

வெளியே நின்றாள். செருப்பைக் கழற்றியிருந்தாள். மஞ்சள் பையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கை தன்பாட்டுக்குக் கம்பிக்குப் போய்விடக் கூடாது என்று அப்படிப் பிடித்திருந்தாள். தொடாமல் உள்ளே வரவும் அவளால் முடியவில்லை.

"அட, நேத்து வந்தவுக" என்றார் கோமதி அக்கா. "ஊருக்குப் போகலியா?"

"எங்கம்மாக்கா" என்றேன்.

சுதா தன் போனைப் பார்த்தாள். கோமதி அக்காவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது.

"நேத்து நீ..."

"நேத்து வந்ததும் எங்கம்மாதான்க்கா."

கோமதி அக்காவின் முகம் சிவந்தது. என் பொய்க்காகவா, பேப்பர் கப்புக்காகவா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை. அவர் எழுந்து கேட் பக்கம் வந்து, "உள்ள வாங்கம்மா. ஏன் அங்கனயே நின்னுட்டீக? வாங்க" என்றார்.

அம்மா வரவில்லை. கோமதி அக்காவைப் பார்க்கவுமில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. அப்போதும் நின்றாள்.

நான் கம்பியைக் காட்டித் தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா பையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையைக் கம்பியில் வைத்தாள்.